ஒரே சுகாதாரம்: விலங்குகளாலும் உணவாலும் பரவும் நோய்களைத் தடுத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்கான துணை விளக்கம்

மாணவர்களே,

தொற்றுநோய்களைத் தடுக்கும் வழிகளைக் கேட்டு வினாவொன்று வந்தால், "கைகளை நன்கு கழுவுதல், கொதித்தாறிய நீரைப் பருகுதல், சுற்றாடலைத் துப்புரவாக வைத்திருத்தல்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இவை பல நோய்களுக்குச் சரியான விடைகளே. ஆனால் விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு இவ்விடை பொருந்துமா? பொருந்தாது. அங்கே மனிதனைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நாய்க்கு ஏற்றப்படும் தடுப்பூசியே.

இதுவே இப்பகுதியின் மையக் கருத்தாகும். சில நோய்களில் மனிதனின் ஆரோக்கியம் விலங்கின் ஆரோக்கியத்திலேயே தொடங்குகின்றது. அந்த இடத்தில் நோயைத் தடுக்காமல், மனிதன் நோயுற்ற பின்னர் மருந்து தேடுவது காலங்கடந்த செயலாகிவிடலாம்.

இப்பகுதியைக் கற்ற பின்னர் நீங்கள்,
• விலங்குவழி நோய், உணவுவழி நோய் ஆகியவற்றை வேறுபடுத்தி அறிவீர்கள்.
• நோயொன்று பரவும் சங்கிலியை வரைந்து, அதனை எங்கே துண்டிக்கலாம் எனக் காட்டுவீர்கள்.
• வைத்தியர், கால்நடை வைத்தியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் இணைந்து செயற்பட வேண்டியதன் காரணத்தை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.

1. அடிப்படைச் சொற்கள்

விலங்குவழி நோய்: முள்ளந்தண்டு விலங்குகளிலிருந்து மனிதருக்கு இயற்கையாகத் தொற்றும் நோய் விலங்குவழி நோய் எனப்படும். வைரசு, பற்றீரியா, பங்கசு, புரொட்டோசோவா, புழுக்கள் ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 60 சதவீதமானவை விலங்குகளிலிருந்து வந்தவை எனவும், புதிதாகத் தோன்றும் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 75 சதவீதமானவை அவ்வாறானவை எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

உணவுவழி நோய்: நோய்க்கிருமிகளால் அல்லது நச்சுப் பொருள்களால் மாசடைந்த உணவையோ நீரையோ உட்கொள்வதால் ஏற்படும் நோய் உணவுவழி நோய் எனப்படும். உலகில் ஆண்டொன்றுக்கு 60 கோடிப் பேர் உணவுவழி நோய்களுக்கு ஆளாகின்றனர் எனவும், அவர்களுள் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு கூறுகின்றது. இறப்பவர்களுள் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளாவர்.

ஒரே சுகாதாரம்: மனிதர், விலங்குகள், சுற்றாடல் ஆகிய மூன்றின் ஆரோக்கியமும் ஒன்றோடொன்று பிணைந்தது என ஏற்று, அத்துறைகளைச் சேர்ந்தோர் கூட்டாகச் செயற்படும் முறை ஒரே சுகாதாரம் எனப்படும். உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய அமைப்பு, உலக விலங்குச் சுகாதார அமைப்பு ஆகிய மூன்றும் இதற்காக இணைந்து செயற்பட்டு வந்தன. 2022 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டமும் இவற்றுடன் இணைந்தது.

கவனத்திற் கொள்க: மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இரண்டு இடங்கள் உள்ளன.

(அ) டெங்கு நுளம்பால் பரவுகின்றது. ஆகவே அது விலங்குவழி நோய் எனச் சிலர் எழுதுவர். இது பிழையாகும். எமது நகரங்களிலும் கிராமங்களிலும் டெங்கு வைரசு மனிதரிலிருந்து மனிதருக்கே செல்கின்றது. நுளம்பு அதனைக் கொண்டுசெல்லும் காவி மட்டுமே. யப்பானிய மூளையழற்சியோ இதற்கு மாறானது. அந்த வைரசு பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் பெருகி, நுளம்பின் வழியே மனிதரை அடைகின்றது. எனவே அது விலங்குவழி நோயாகும். "இந்த நோயாக்கி எங்கே வாழ்ந்து பெருகுகின்றது?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

(ஆ) உணவுவழி நோய்கள் அனைத்தும் விலங்குவழி நோய்கள் அல்ல. தைபொயிட்டுக் காய்ச்சல், ஈரலழற்சி ஏ ஆகியவை நோயுற்ற மனிதரின் மலத்தால் மாசடைந்த உணவு, நீர் வழியே பரவுகின்றன. ஆனால் தைபொயிட்டுப் பற்றீரியாவின் உறவினர்களான வேறு சல்மொனெல்லா வகைகள் கோழி முதலிய விலங்குகளின் குடலில் வாழ்ந்து இறைச்சி, முட்டை வழியே எம்மை அடைகின்றன. இவை உணவுவழி நோயையும் விலங்குவழி நோயையும் ஒருங்கே ஏற்படுத்துவனவாகும்.

2. நோய்ச் சங்கிலி

விலங்கிலிருந்து மனிதனுக்கு நோய் வருவதற்கு ஐந்து கண்ணிகள் தொடர்ச்சியாக அமைய வேண்டும்.

1. நோயாக்கி
2. நோயாக்கி வாழும் விலங்கு
3. விலங்கிலிருந்து வெளியேறும் வழி (உமிழ்நீர், சிறுநீர், மலம், பால், இறைச்சி)
4. கடத்தப்படும் முறை (கடி, நீர், மண், உணவு, நுளம்பு)
5. மனித உடலுள் நுழையும் வழி (காயம், வாய், கண், மூக்கு)

இவற்றுள் எந்த ஒரு கண்ணியைத் துண்டித்தாலும் நோய் நின்றுவிடும். சில நோய்களில் விலங்கிலேயே துண்டிப்பது இலகுவானது. வேறு சிலவற்றில் கடத்தும் வழியை மறிப்பதே சிறந்தது. கீழே தரப்படும் உதாரணங்களை வாசிக்கும்போது, ஒவ்வொன்றிலும் எந்தக் கண்ணி துண்டிக்கப்பட்டது எனக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. உதாரணம் 1: விசர்நாய்க்கடி நோய் (நீர்வெறுப்பு நோய்)

விசர் கண்ட விலங்கின் உமிழ்நீரில் இந்நோயின் வைரசு உள்ளது. கடி, நகக்கீறல் என்பவற்றாலும், காயமுள்ள இடத்தை அல்லது வாய், கண் போன்றவற்றை அவ்விலங்கு நக்குவதாலும் வைரசு உடலுள் நுழைகின்றது. பின்னர் அது நரம்புகளின் வழியே மூளையை நோக்கிச் செல்கின்றது. இப்பயணத்துக்குப் பெரும்பாலும் 2 – 3 மாதங்கள் எடுக்கும். சில வேளைகளில் ஒரு வாரமளவிலும், சில வேளைகளில் ஓராண்டின் பின்னரும் நோய் தோன்றலாம். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் மரணம் ஏறத்தாழ நிச்சயமாகும். ஆனால் கடிபட்ட உடனேயே முறையான தடுப்புச் சிகிச்சை பெற்றால் நோயை முற்றாகத் தடுக்கலாம்.

1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் திகதி, விசர்நாயால் கடிபட்ட யோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாச்சரின் தடுப்பூசி ஏற்றப்பட்டது. சிறுவன் உயிர் பிழைத்தான். அந்த நாளே இன்று உலக விலங்குவழி நோய்கள் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு ஏற்படும் தொற்றுகளில் 99 சதவீதமளவு நாய்களாலேயே ஏற்படுகின்றன. இலங்கையில் 1970 களின் முற்பகுதியில் ஆண்டொன்றுக்கு 300 க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். பின்னர் இத்தொகை ஆண்டொன்றுக்கு 20 – 30 என்ற அளவுக்குக் குறைந்தது. கடிபட்டவர்களுக்கு வைத்தியசாலைகளில் தடுப்பூசி ஏற்றியதோடு நாய்களுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றியமையே இதற்குக் காரணமாகும். சுகாதார அமைச்சுக்குள்ளேயே பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவை என்றொரு பிரிவு இயங்கி வருவது, மனித சுகாதாரமும் விலங்குச் சுகாதாரமும் இணைக்கப்பட்டதற்கு நல்ல சான்றாகும்.

ஒரு பிரதேசத்தில் உள்ள நாய்களில் 70 சதவீதமானவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டால் நாய்களிடையே வைரசு பரவும் சங்கிலி அறுந்துவிடும். எஞ்சிய 30 சதவீத நாய்களும் இதனால் காக்கப்படுகின்றன. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. கொல்லப்பட்ட நாய்களின் இடத்துக்குத் தடுப்பூசி பெறாத புதிய நாய்கள் வந்துவிடுவதே இதற்குக் காரணம். 2006 ஆம் ஆண்டு இலங்கையில் நாய்களைக் கொல்லும் நடைமுறை கைவிடப்பட்டு, தடுப்பூசி ஏற்றுதலும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் முன்னிலைப்படுத்தப்பட்டன.

நாய் கடித்தால் அல்லது கீறினால் செய்ய வேண்டியவை:
1. காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்தாலும் 15 நிமிடங்கள் வரை நன்கு கழுவுதல்.
2. மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், கோப்பித்தூள் போன்ற எதனையும் பூசாதிருத்தல்.
3. தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல். தடுப்பூசி அங்கு இலவசமாக ஏற்றப்படுகின்றது. ஆழமான கடிகளுக்கு வைத்தியரின் தீர்மானப்படி பிறபொருளெதிரி ஊசியும் ஏற்றப்படும்.
4. இயலுமாயின் கடித்த விலங்கைக் கொல்லாது 14 நாட்கள் அவதானித்தல். எனினும் அவதானித்து முடியும் வரை வைத்தியரிடம் செல்லாமல் காத்திருத்தல் கூடாது.
5. விலங்கு இறந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல். அதன் தலை ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பப்படும்.

இங்கே உங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய விடயம் ஒன்றுண்டு. தெருவில் கண்ட நாய்க்குட்டியைத் தூக்கி விளையாடும்போது ஏற்பட்ட சிறு கீறலை, வீட்டில் ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைத்துவிடும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும், வைரசு ஆறுவதில்லை. 5 – 14 வயதுச் சிறுவர்கள் இந்நோயால் அடிக்கடி பாதிக்கப்படும் பிரிவினராவர். உங்களுக்கோ தம்பி தங்கைக்கோ இவ்வாறு நேர்ந்தால் அன்றைக்கே பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஏச்சு ஒரு நாளோடு முடிந்துவிடும்.

4. உதாரணம் 2: எலிக்காய்ச்சல்

எலிக்காய்ச்சலை ஏற்படுத்துவது லெப்ரொஸ்பைரா என்னும் பற்றீரியாவாகும். பெயரில் எலி இருப்பினும் மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவையும் இதனைச் சிறுநீருடன் வெளியேற்றலாம். வயல் நீர், வெள்ளநீர், சேற்றுமண் ஆகியவற்றில் கலக்கும் பற்றீரியா, தோலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாகவும் கண், மூக்கு, வாய் என்பவற்றின் மென்சவ்வுகள் வழியாகவும் உடலுள் நுழைகின்றது.

கடுங்காய்ச்சல், தலைவலி, தசைநோவு (குறிப்பாகக் கெண்டைக்கால் தசையில்), கண் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். பெரும்பாலும் தொற்று ஏற்பட்டு 5 – 14 நாட்களில் இவை தோன்றும். சிகிச்சை தாமதித்தால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியவை பாதிப்படைந்து மரணமும் ஏற்படலாம்.

2008 ஆம் ஆண்டு இலங்கையில் 7,000 க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டதாக அறிக்கையிடப்பட்டது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் அடுத்து, டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிர்களைப் பறித்தது. முதலில் காரணம் தெரியாத காய்ச்சல் என அஞ்சப்பட்ட அது, ஆய்வுகூடப் பரிசோதனைகளின் பின்னரே எலிக்காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. வெள்ளத்தின் பின் காய்ச்சலுடன் வரும் நோயாளியிடம் வைத்தியர், "வயலில் வேலை செய்தீர்களா? வெள்ளத்தில் நடந்தீர்களா? மாடு வளர்க்கின்றீர்களா?" எனக் கேட்பது வெறும் சம்பிரதாயமன்று. அக்கேள்விகளே நோயை விரைவாக இனங்காண உதவுகின்றன.

தடுக்கும் வழிகள்:
• வயலிலும் வரப்பிலும் எலி வளைகளை அழித்தல், வீட்டுக் குப்பைகளையும் தானியங்களையும் எலிகளுக்கு எட்டாதவாறு வைத்தல்.
• மாட்டுத் தொழுவக் கழிவுநீர் கிணற்றுக்கோ குளிக்கும் இடத்துக்கோ செல்லாதவாறு வடிகால் அமைத்தல்.
• காயத்துடன் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்காதிருத்தல். இறங்க வேண்டியிருப்பின் காயத்தை நீர் புகாதவாறு மூடி, பாதணிகள் அணிதல்.
• ஆபத்துள்ள பிரதேசங்களின் விவசாயிகள், வேலை தொடங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் மருந்தை ஆலோசனையுடன் பெற்றுக்கொள்ளுதல்.

விசர்நாய்க்கடியில் விலங்கிலேயே சங்கிலியை அறுக்க முடிந்தது. ஆனால் நாட்டிலுள்ள எலிகளுக்கெல்லாம் தடுப்பூசி ஏற்ற முடியாது. ஆகவே இங்கு கடத்தும் வழியையும் நுழையும் வழியையும் மறிப்பதே முதன்மையாகின்றது.

5. உதாரணம் 3: நிபா வைரசு – பிழையான கண்ணியை வெட்டினால்?

1998 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளைச் சூழ்ந்த கிராமங்களில் மூளையழற்சி நோய் பரவியது. அது யப்பானிய மூளையழற்சி எனக் கருதப்பட்டமையால் நுளம்புகளுக்கு மருந்து தெளிக்கப்பட்டது. மக்களுக்கு அந்நோய்க்கான தடுப்பூசியும் ஏற்றப்பட்டது. ஆயினும் நோய் நிற்கவில்லை.

உற்றுநோக்கியவர்களுக்குச் சில விடயங்கள் பொருந்தாமல் இருப்பது புலப்பட்டது. யப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவர்களையே தாக்கும். இங்கு நோயுற்றோரோ பன்றிகளைக் கையாளும் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி பெற்றவர்களும் நோயுற்றனர். அதே காலத்தில் பண்ணைகளிலிருந்த பன்றிகளும் கடும் இருமலுடன் நோயுற்றிருந்தன. 1999 ஆம் ஆண்டு மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இது ஒரு புதிய வைரசு எனக் கண்டறியப்பட்டது. சுங்கை நிபா என்னும் கிராமத்தின் பெயரால் அதற்கு நிபா வைரசு எனப் பெயரிடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் நின்றது.

இவ்வைரசின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வெளவால் என்பது பின்னர் தெரியவந்தது. பன்றிக் கொட்டில்களின் அருகே பழமரங்கள் நின்றமையால், வெளவால் கடித்த பழங்கள் கொட்டிலினுள் விழுந்தன. அவற்றைத் தின்ற பன்றிகள் தொற்றுக்குள்ளாயின. பழமரத்தையும் பன்றிக் கொட்டிலையும் தூரத்தூர அமைத்திருந்தால் சங்கிலி தொடங்கியே இராது. இவ்விடயத்தை வைத்தியசாலையினுள் இருந்துகொண்டு மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

பங்களாதேசத்தில் 2001 ஆம் ஆண்டு முதல் இதே வைரசு உணவு வழியே மனிதரை அடைந்து வருகின்றது. இரவில் ஈச்ச மரத்தில் கட்டப்படும் பானையில் வடியும் இனிய சாற்றை வெளவால்கள் நக்குகின்றன. அதனுள் அவற்றின் எச்சமும் விழுகின்றது. அதனைப் பச்சையாகப் பருகுவோர் நோயுறுகின்றனர். மூங்கில் தட்டியால் பானையையும் சாறு வடியும் இடத்தையும் மூடிக்கட்டுவது அங்கு பரிந்துரைக்கப்படும் எளிய தடுப்பு முறையாகும்.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. 1980 களின் பிற்பகுதியில் அனுராதபுரத்தையும் அதனைச் சூழ்ந்த நெல் விளையும் பகுதிகளையும் யப்பானிய மூளையழற்சி கடுமையாகத் தாக்கியது. விவசாயிகளின் வருமானத்தைப் பெருக்கும் நோக்குடன் வயற்பிரதேசங்களில் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. நீர் தேங்கிய வயல் நுளம்புக்கு இடமளித்தது. பன்றி வைரசுக்கு இடமளித்தது. இரண்டுக்கும் நடுவே மனிதர் வாழ்ந்தனர். 1988 ஆம் ஆண்டு முதல் தடுப்பூசித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டு நோய் பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டது. நல்ல நோக்கமுள்ள விவசாயத் திட்டமாயினும், சுகாதாரத் துறையினரையும் கலந்து தீட்டப்பட வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

6. பண்ணையிலிருந்து உணவுத்தட்டு வரை

உணவுப் பாதுகாப்பு சமையலறையில் தொடங்குவதில்லை. பண்ணை, கொல்களம் அல்லது பால் சேகரிக்கும் நிலையம், போக்குவரத்து, கடை, சமையலறை என்னும் ஒவ்வொரு கட்டத்திலும் அது பேணப்பட வேண்டும்.

(அ) முட்டையும் கோழி இறைச்சியும்: சல்மொனெல்லா பற்றீரியா கோழியின் குடலில் இருப்பினும் கோழி நோயுற்றதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆகவே பார்வையால் மட்டும் பாதுகாப்பான இறைச்சியை அறிய முடியாது. 1980 களில் பிரித்தானியாவில் முட்டை வழியாகப் பரவிய சல்மொனெல்லா பெரும் பிரச்சினையாகியது. 1998 ஆம் ஆண்டு முதல் அங்குள்ள முட்டை உற்பத்தியாளர்கள், சிங்க முத்திரை பொறித்த முட்டைகளை இடும் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றி, பண்ணைச் சுகாதாரத்தையும் உயர்த்தினர். நோய் வெகுவாகக் குறைந்தது. 2017 ஆம் ஆண்டு அந்நாட்டு அதிகாரிகள், அம்முத்திரை உள்ள முட்டைகளை அரைவேக்காட்டிலும் உண்ணலாம் எனக் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அறிவித்தனர். அதாவது கோழிக்கு ஏற்றிய ஊசி மனிதரைக் காத்தது. எனினும் இவ்வறிவிப்பு அம்முட்டைகளுக்கு மட்டுமே உரியது. நாம் முட்டையை வெண்கரு, மஞ்சட்கரு இரண்டும் இறுகும் வரை சமைப்பதே பாதுகாப்பானது.

(ஆ) பால்: காய்ச்சாத பாலால் புரூசெல்லா நோய், மாட்டுக் காசநோய், ஈ. கோலி தொற்று ஆகியவை ஏற்படலாம். பண்ணையில் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி ஏற்றுதலும், கருச்சிதைவுற்ற மாடுகளைக் கால்நடை வைத்தியரிடம் பரிசோதிப்பித்தலும் முதற் காப்பாகும். பாச்சர் முறைப்படி பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் அல்லது 72 பாகை செல்சியசில் 15 செக்கன்கள் சூடாக்கி விரைவாகக் குளிர்விப்பது இரண்டாவது காப்பாகும். வீட்டில் பெறும் பாலைக் கொதிக்கவைத்த பின்னரே பருகவும் தயிருக்கு உறையூற்றவும் வேண்டும்.

(இ) சமையலறை: உலக சுகாதார நிறுவனம் கூறும் ஐந்து விதிகளையும் மனனம் செய்துகொள்ளுங்கள்.
1. துப்புரவைப் பேணுதல்.
2. சமைத்த உணவையும் சமைக்காத உணவையும் வேறாக்குதல். பச்சை இறைச்சி வெட்டிய கத்தி, பலகை ஆகியவற்றைக் கழுவாமல் சலாதுக்குப் பயன்படுத்தக் கூடாது.
3. நன்கு சமைத்தல். உணவின் உட்பகுதி 70 பாகை செல்சியசை அடைய வேண்டும்.
4. உணவைப் பாதுகாப்பான வெப்பநிலையில் வைத்தல். 5 – 60 பாகை செல்சியசுக்கு இடையில் பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது.
5. பாதுகாப்பான நீரையும் மூலப்பொருள்களையும் பயன்படுத்துதல்.

கவனத்திற் கொள்க: "பழுதடைந்த உணவைச் சூடாக்கினால் சரி" என்பது தவறான எண்ணமாகும். சில பற்றீரியாக்கள் உணவில் சுரக்கும் நச்சு, பற்றீரியா இறந்த பின்னரும் சூட்டினால் அழிவதில்லை. சுற்றுலாவுக்காக அதிகாலையில் கட்டிய சோற்றுப் பொதியைப் பிற்பகலில் உண்டு பலர் ஒன்றாக வாந்தியெடுப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

7. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள்

மனிதருக்கும் பண்ணை விலங்குகளுக்கும் வழங்கப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளில் பல ஒரே வகையைச் சேர்ந்தவை. பண்ணையில் அவற்றைத் தேவையின்றி அல்லது குறைந்த அளவில் வழங்கும்போது, மருந்துக்கு இறவாத பற்றீரியாக்கள் எஞ்சிப் பெருகுகின்றன. இவை இறைச்சி, நீர், மண் வழியே மனிதரை அடைந்தால் வைத்தியசாலையில் அம்மருந்து பயனளிக்காது. கோழியும் மாடும் விரைவாக வளர்வதற்காக இம்மருந்துகளைத் தீனியில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது.

மடியழற்சிக்கு மருந்தேற்றப்பட்ட பசுவின் பாலை, கால்நடை வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் முடியும் வரை விற்கவோ பருகவோ கூடாது. அந்தப் பாலைக் கொட்டுவது விவசாயிக்கு நட்டந்தான். ஆனால் அதனைக் குடிப்பவர்களுக்கு நேரும் நட்டம் கண்ணுக்குத் தெரியாதது.

8. யாருடைய பொறுப்பு எது?

கால்நடை வைத்தியர்: விலங்குகளுக்குத் தடுப்பூசி ஏற்றல், நோயுற்ற விலங்குகளை இனங்காணல். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இதற்குரியது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: உணவகம், இறைச்சிக்கடை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றைப் பரிசோதித்தல், உணவு மாதிரிகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்புதல், நோய் அறிவித்தல்களை விசாரித்தல். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இவருக்கு அதிகாரமளிக்கின்றது.

வைத்தியர்: நோயை இனங்கண்டு சிகிச்சையளித்தல், அறிவிக்க வேண்டிய நோய்களைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல்.

பொதுமக்களும் மாணவர்களும்: வளர்ப்பு நாய், பூனைகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தல், ஊரில் கால்நடைகளோ கோழிகளோ திடீரெனக் கூட்டமாக இறந்தால் உடன் அறிவித்தல், இறந்தவற்றை உண்ணாதிருத்தல்.

இவர்களில் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாவிடின் நிபாவில் நடந்தது போன்று, நோய் ஒருபுறமும் மருந்து மறுபுறமுமாக இருக்கும்.

9. மாதிரி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் விலங்குவழி நோய் அல்லாதது எது?
(1) எலிக்காய்ச்சல் (2) விசர்நாய்க்கடி நோய் (3) தைபொயிட்டுக் காய்ச்சல் (4) புரூசெல்லா நோய்

2. நாயொன்று கடித்தவுடன் முதலில் செய்ய வேண்டியது யாது?
(1) காயத்தை இறுகக் கட்டுதல் (2) காயத்துக்கு மஞ்சள் பூசுதல் (3) நாயைக் கொல்லுதல் (4) காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவுதல்

3. கிராமமொன்றில் வெள்ளம் வடிந்து ஒரு வாரத்தின் பின்னர் வயல் வேலை செய்வோர் சிலர் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஆகிய அறிகுறிகளுடன் வைத்தியசாலைக்கு வந்தனர்.
(அ) இவர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய நோய் யாது?
(ஆ) அந்நோயாக்கி வெள்ளநீரை அடைந்த விதத்தைக் கூறுக.
(இ) நோய் மேலும் பரவாது தடுக்க, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் செய்யக்கூடிய ஒவ்வொரு செயலைத் தருக.
(ஈ) "இந்நோயை வைத்தியசாலையில் மட்டும் நின்று வெல்ல முடியாது." விளக்குக.

விடைகள்

1. (3)
2. (4)
3. (அ) எலிக்காய்ச்சல்.
(ஆ) எலி, மாடு முதலிய விலங்குகளின் சிறுநீருடன் வெளியேறிய லெப்ரொஸ்பைரா பற்றீரியா வெள்ளநீரில் கலந்தமை.
(இ) பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: ஆபத்துள்ளோருக்கு ஆலோசனையுடன் தடுப்பு மருந்து கிடைக்கச் செய்தல். கால்நடை வைத்தியர்: கிராமத்துக் கால்நடைகளைப் பரிசோதித்தல், தொழுவக் கழிவுநீரை அகற்றும் முறை பற்றி அறிவுறுத்தல்.
(ஈ) நோயாக்கி விலங்குகளில் வாழ்கின்றது. நீரிலும் மண்ணிலும் கடத்தப்படுகின்றது. நோயாளிக்கு மட்டும் சிகிச்சையளித்தால் இவ்விரு கண்ணிகளும் அப்படியே இருக்கும். புதிய நோயாளிகள் தொடர்ந்து வருவர். எனவே விலங்கு, சுற்றாடல், மனிதன் ஆகிய மூன்றிலும் ஒரே வேளையில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

குறிப்பு: (ஈ) போன்ற வினாக்களுக்கு "துப்புரவாக இருத்தல்" என்ற பொது விடை போதாது. எந்தக் கண்ணி, யார் அதனை வெட்டுவது, எவ்வாறு வெட்டுவது என்ற மூன்றையும் எழுதுங்கள். பரீட்சை முடிந்த பின்னரும் இந்த மூன்று கேள்விகளும் உங்களுக்குப் பயன்படும். உங்கள் வீட்டு நாய்க்கு இவ்வாண்டுத் தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா என இன்றே கேட்டறிந்து அதனைத் தொடங்குங்கள்.